பதிவேட்டில் பெயர் இருந்தது: கொரோனாவும் வளரிளம் பருவத்துப் பிள்ளைகளும்

கொரோனா பெருந்தொற்று குழந்தைகளை என்ன செய்தது என்ற கேள்விக்கு இன்று பொதுவான ஒரு பதில் உருவாகிவிட்டது. நோய் அவர்களை அதிகம் கொல்லவில்லை. பள்ளி மூடல்தான் பாதித்தது. வாசிப்பும் கணக்கும் பின்தங்கின. பள்ளிகள் திறந்தபின் பெரும்பகுதி சரியாகிவிட்டது. இந்தப் பதிலில் பொய் இல்லை. யாரை அளந்து இந்தப் பதிலுக்கு வந்தோம் என்று கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அளக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் சிறு பிள்ளைகள். அதிலும் பள்ளிக்குத் திரும்பிவந்தவர்கள்.

தமிழ்நாட்டை முதன்மைச் சான்றாகவும், ஒப்பீட்டுக்குச் சியரா லியோன், கென்யா, பாகிஸ்தான் அனுபவங்களையும் எடுத்துக்கொண்டு இக்கட்டுரை ஒரு கேள்வியை ஆராய்கிறது: 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது 13 முதல் 17 வயதில் இருந்த பிள்ளைகளுக்கு என்ன ஆயிற்று? அவர்களில் பெரும்பாலோர் படிப்பைத் தொடர்ந்தார்கள். தொடராத சிறுபகுதியைப் பற்றி நமக்குத் தெரிந்தது மிகக் குறைவு. அந்த அறியாமை தற்செயலாக நேர்ந்ததன்று என்பதே இங்கு முன்வைக்கும் வாதம். நம் சட்டங்களும் கணக்கெடுப்புகளும் வயதைக் கோடு போட்டு வெட்டுகின்றன. பெருந்தொற்றின் இரண்டு ஆண்டுகளில் இந்தப் பிள்ளைகள் அந்தக் கோடுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்துபோய்விட்டார்கள்.

முன்கணிப்புகளும் நடந்ததும்

முதலில், பெருந்தொற்றின் தொடக்க மாதங்களில் சொல்லப்பட்டவற்றில் எவை நடந்தன, எவை நடக்கவில்லை என்று பார்த்துவிடலாம். 2020 மே மாதம் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு கணிப்பை வெளியிட்டார்கள். குறைந்த, நடுத்தர வருமானமுள்ள 118 நாடுகளில் மருத்துவச் சேவையும் உணவும் தடைபட்டால், ஆறே மாதங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மரணம் கூடுதலாக 2,53,500 முதல் 11,57,000 வரை இருக்கக்கூடும் என்றது அது. உலகெங்கும் செய்தித்தாள்கள் மேல் எல்லையைத் தலைப்பாக்கின. பின்னர் வந்த ஐ.நா. மதிப்பீடுகளின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோர் மரணம் 2019இல் சுமார் 52 லட்சம். 2021இல் சுமார் 50 லட்சம். இறங்குமுகம் தொடர்ந்தது. இறப்புப் பதிவே ஒழுங்காக இல்லாத நாடுகளில் இந்த எண்ணிக்கையும் மாதிரிக் கணக்கின் வழியே பெறப்படுவதுதான். இருந்தாலும் அஞ்சிய அளவு பேரழிவு நடந்திருந்தால் அதன் சுவடு எங்கேனும் தெரிந்திருக்கும்.

தடுப்பூசியில் சரிவு உண்மையாகவே நிகழ்ந்தது. தொண்டை அடைப்பான், கக்குவான், இரண ஜன்னி ஆகியவற்றுக்கான மூன்று தவணைகளையும் பெற்ற குழந்தைகளின் உலக விகிதம் 2019இல் 86 சதவீதமாக இருந்தது. 2021இல் 81ஆக இறங்கியது. அந்த ஓராண்டில் மட்டும் 2.5 கோடிக் குழந்தைகள் எல்லாத் தவணைகளையும் பெறவில்லை. அடுத்த ஆண்டே விகிதம் ஏறத் தொடங்கியது. இடையில் விடுபட்ட குழந்தைகளின் விலை வேறொரு விதத்தில் வந்தது; 2022இன் இறுதியில் மும்பை கோவண்டியில் தட்டம்மை பரவியதை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும்.

பெற்றோரை இழந்த குழந்தைகள் பற்றிய எண்களில் உள்ள முரண் இன்றுவரை தீரவில்லை. கோவிட் காரணமாகப் பெற்றோரையோ வளர்த்த தாத்தா பாட்டியையோ இழந்த இந்தியக் குழந்தைகள் சுமார் 19 லட்சம் பேர் என்று 'லான்செட்' குழும இதழ் ஒன்றில் வந்த மாதிரிக் கணக்கு சொன்னது. இந்திய அரசு அதை மறுத்தது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்த எண் சுமார் 1.47 லட்சம், அதில் இருவரையும் இழந்தவர்கள் ஏறத்தாழ 10,000 பேர். முதலாவது மரணங்களின் மதிப்பீட்டிலிருந்து வருவித்தது. இரண்டாவது இணையதளத்தில் மாவட்டந்தோறும் பதிவேற்றியது. பதிவேட்டில் ஏறாத குழந்தை அரசைப் பொறுத்தவரை இல்லாத குழந்தை. இந்தப் பழக்கத்தை நாம் கீழே மறுபடியும் எதிர்கொள்ளப் போகிறோம், அங்கே அது தலைகீழாக வேலை செய்யும்.

கற்றல் இழப்பு: நன்றாகத் தெரிந்த பகுதி

தமிழ்நாட்டில் 2020 மார்ச் நடுவில் பள்ளிகள் மூடப்பட்டன. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகள் 2021 ஜனவரி 19 அன்றும், ஒன்பதும் பதினொன்றும் பிப்ரவரி 8 அன்றும் திறந்தன. பன்னிரண்டைத் தவிர மற்றவை மார்ச் இறுதிக்குள் மறுபடியும் மூடப்பட்டன. ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகள் 2021 செப்டம்பர் 1 அன்று மீண்டும் திறந்தன. ஒன்று முதல் எட்டு வரை நவம்பர் 1. அதாவது தொடக்கப்பள்ளிப் பிள்ளை ஏறத்தாழ 19 மாதங்கள் வகுப்பறையைப் பார்க்கவில்லை.

இந்த இடைவெளியில் கல்வித் தொலைக்காட்சி இருந்தது. வாட்ஸ்அப் குழு இருந்தது. வீட்டில் போன் இருப்பதும் பிள்ளை கைக்குப் போன் வருவதும் வெவ்வேறு. கிராமப்புறக் கல்வி நிலைக் கணக்கெடுப்பான அசரின் 2021 அறிக்கையின்படி, பள்ளிப் பிள்ளைகள் உள்ள இந்தியக் கிராமப்புற வீடுகளில் ஸ்மார்ட்போன் இருந்தவை 2018இல் 36.5 சதவீதம், 2021இல் 67.6 சதவீதம். போன் இருந்த வீடுகளிலும் 26.1 சதவீதப் பிள்ளைகளுக்கு அது கிடைக்கவே இல்லை. காலையில் அப்பாவோடு வேலைக்குப் போன போன் இரவு ஏழு மணிக்குத் திரும்பும். அதற்குள் அன்றைய டேட்டா தீர்ந்திருக்கும். அண்ணனுக்குப் பத்தாம் வகுப்பு என்பதால் மீதியும் அவனுக்கே. ஜான் திரேஸ், ரீத்திகா கேரா உள்ளிட்டோர் 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் பின்தங்கிய குடும்பங்களின் 1,400 பிள்ளைகளிடம் நடத்திய கணக்கெடுப்பில், கிராமப்புறத்தில் ஒழுங்காக ஆன்லைனில் படித்தவர்கள் 8 சதவீதம் மட்டுமே. எதுவுமே படிக்காதவர்கள் 37 சதவீதம்.

இதன் விளைவை அளந்த ஆய்வுகளில் மிக உறுதியானது தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடந்ததுதான். அபிஜித் சிங், மொரீசியோ ரொமெரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் சுமார் 19,000 தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். இவர்களிடம் ஒரு அரிய வாய்ப்பு இருந்தது: அதே கிராமங்களில் 2019இலேயே எடுத்து வைத்த சோதனை முடிவுகள். ஆகவே அதே ஊரில், அதே வயதில், பெருந்தொற்றுக்கு முன் ஒரு பிள்ளை எவ்வளவு அறிந்திருந்தது என்பதோடு ஒப்பிட முடிந்தது. 2021 டிசம்பரில் கணக்கில் பின்னடைவு 0.73 திட்ட விலக்கம், மொழியில் 0.34. 2019இன் நூறு பிள்ளைகளை வரிசைப்படுத்தி நிறுத்தினால், இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த சராசரிப் பிள்ளை கணக்கில் கீழிருந்து 23ஆவது இடத்தில் நிற்கும்.

வியப்பு அதற்குப் பிறகுதான். பள்ளி திறந்து ஆறே மாதங்களில் இந்தப் பின்னடைவில் மூன்றில் இரண்டு பங்கு ஈடுசெய்யப்பட்டிருந்தது. முன்னிருந்த எதிர்பார்ப்பு இதற்கு நேர்மாறானது. 2005ஆம் ஆண்டு நிலநடுக்கத்தால் பாகிஸ்தானில் சராசரியாக 14 வாரங்கள் மூடப்பட்ட பள்ளிகளை ஆராய்ந்த ஆந்திராபி, டேனியல்ஸ், தாஸ் ஆகியோர், நான்கு ஆண்டுகள் கழித்தும் பிளவுக்கோட்டுக்கு அருகில் இருந்த பிள்ளைகள் ஒன்றரை வகுப்புக்குக் குறையாமல் பின்தங்கியிருந்ததைக் கண்டார்கள். இழந்தது மூன்று மாதம், பின்தங்கியது அதைவிடப் பல மடங்கு. ஆசிரியர் பாடத்திட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஓடினார், பிள்ளை எட்டிப்பிடிக்க முடியாமல் பின்னால் நின்றது என்பது அவர்கள் விளக்கம். தமிழ்நாட்டில் அப்படி நடக்கவில்லை.

ஏன் நடக்கவில்லை என்பதற்கு ஒரு பகுதி விடை 'இல்லம் தேடிக் கல்வி'. 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கிய இத்திட்டத்தில், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு அவர்கள் தெருவிலேயே மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம் வகுப்பு நடந்தது. நடத்தியவர்கள் பெரும்பாலும் அதே தெருவில் வசித்த, படித்துவிட்டு வீட்டில் இருந்த பெண்கள். மாத ஊக்கத்தொகை 1,000 ரூபாய். மேற்சொன்ன ஆய்வு, மீட்சியில் சுமார் 24 சதவீதம் இத்திட்டத்தின் பங்கு என்று மதிப்பிடுகிறது. ஏழைப் பிள்ளைகளின் மீட்சி வேகமாக இருந்ததையும் காட்டுகிறது.

திட்டம் தொடங்கியபோது எழுந்த எதிர்ப்பையும் இங்கே சொல்ல வேண்டும். தன்னார்வலர்களைக் கல்விக்குள் கொண்டுவருவது 2020 தேசியக் கல்விக் கொள்கையைப் பின்வாசல் வழியாக நுழைப்பது என்றார்கள் சிலர். ஆசிரியர் பணியிடங்களை நிரப்பாமல் ஆயிரம் ரூபாய்க்கு ஆள் பிடிப்பதா என்று கேட்டார்கள் வேறு சிலர். முதல் அச்சம் மிகைப்பட்டது என்றே இப்போது தோன்றுகிறது. இரண்டாவது கேள்வி நியாயமானது, இன்றும் விடை காணாதது. அந்தப் பெண்கள் செய்த வேலையின் மதிப்புக்கும் அவர்கள் பெற்ற தொகைக்கும் உள்ள இடைவெளியை எந்த ஆய்வும் கணக்கில் எடுக்கவில்லை.

அசர் 2022 தரும் படம் இதிலிருந்து மாறுபடுகிறது. தமிழ்நாட்டுக் கிராமப்புறங்களில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்த மூன்றாம் வகுப்பு மாணவர்கள் 2018இல் 10.2 சதவீதம், 2022இல் 4.8 சதவீதம். மூன்றில் இரண்டு பங்கு மீண்டதென்றால் இது எப்படி? இரண்டும் வெவ்வேறு பிள்ளைகளைப் பற்றிப் பேசுகின்றன என்பது என் புரிதல். 2022இல் மூன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை ஒன்றாம் வகுப்பில் ஒரு நாள்கூடப் பள்ளியில் உட்காராதது. அ, ஆ தொடங்கும் வயதே அதற்குப் பறிபோனது. 2022 ஜூனில் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் அந்த வயதினரை நோக்கியது சரியே. அசர் 2024 சுற்றில் இந்த விகிதம் மீண்டும் 2018 அளவை எட்டிவிட்டது.

ஆகவே சிறு பிள்ளைகளைப் பொறுத்தவரை முதலில் சொன்ன பொதுவான பதில் சரிதான். அவர்கள் விழுந்தார்கள், அளந்தோம், திட்டம் போட்டோம், எழுந்தார்கள்.

2006 ஜூனில் பிறந்த ஒரு பிள்ளை

இப்போது 2006 ஜூன் மாதம் பிறந்த ஒரு பிள்ளையைக் கற்பனை செய்வோம். ஐந்து வயது முடிந்து 2011இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தது. 2020 மார்ச்சில் பள்ளி மூடியபோது ஒன்பதாம் வகுப்பு. வயது பதிமூன்றே முக்கால்.

2020 ஜூனில் பதினான்கு முடிகிறது. அன்றோடு கட்டாய இலவசக் கல்வி உரிமைச் சட்டம் 2009 இந்தப் பிள்ளையை விட்டுவிடுகிறது, ஏனெனில் அது ஆறு முதல் பதினான்கு வரைதான். அன்றோடு குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டத்தின் முழுத்தடையும் நீங்குகிறது. 2016 திருத்தத்தின்படி பதினான்கு முடிந்தவர் 'வளரிளம் பருவத்தவர்'. அபாயகரமானவை எனப் பட்டியலிட்ட தொழில்களைத் தவிர மற்றவற்றில் வேலை செய்யலாம். ஊரடங்கில் தகப்பனுக்கு வேலை போயிருந்த, பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்த அதே ஜூன் மாதத்தில் இரண்டு சட்டங்களும் ஒரே நாளில் கைவிட்டன.

2020-21இல் பத்தாம் வகுப்பு. ஜனவரி 19 முதல் மார்ச் வரை சுமார் இரண்டு மாதம் பள்ளி. பிப்ரவரி 25 அன்று சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார்: ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்பினர் அனைவரும் தேர்ச்சி. 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி வரும்போது பதினொன்றாம் வகுப்பு. திட்டம் எட்டோடு முடிந்துவிடுகிறது. மேலே சொன்ன 19,000 பேரில் இந்தப் பிள்ளை இல்லை. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஆறாம் சுற்று 2023-24இல் வீடு வீடாகப் போனபோது வயது பதினேழு. குழந்தைத் திருமணத்தை அந்த ஆய்வு 20 முதல் 24 வயதுப் பெண்களிடம் கேட்டுத்தான் அளக்கும். ஆகவே அங்கும் இல்லை.

2024 ஜூனில் பதினெட்டு முடிகிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் அளவுகோலில் குழந்தைத் தொழிலாளர் என்பவர் 5 முதல் 17 வயதினர். இனி இந்தப் பிள்ளை என்ன வேலை செய்தாலும் அந்தக் கணக்கில் வராது.

இந்த அமைப்பும் யுனிசெஃபும் 2021 ஜூனில் வெளியிட்ட அறிக்கை உலகில் 16 கோடிக் குழந்தைத் தொழிலாளர்கள் இருப்பதாகவும், பெருந்தொற்றால் 2022 இறுதிக்குள் மேலும் சுமார் 90 லட்சம் பேர் சேரக்கூடும் என்றும் சொன்னது. 2025இல் வந்த அடுத்த அறிக்கை, 2024 நிலவரம் 13.8 கோடி என்றது. முன்கணிப்பு பொய்த்தது என்று இதைப் படிப்பது எளிது. 2020இல் பதினான்கு வயதில் வேலைக்குப் போனவர் 2024இல் பதினெட்டு. முதல் புகைப்படத்துக்கும் இரண்டாவதுக்கும் இடையில் வேலைக்குள் நுழைந்து, வயதால் வெளியேறிய ஒருவரை இரண்டுமே பிடிக்காது. உலக அளவில் குறைந்ததற்கு வலுவான வேறு காரணங்கள் இருக்கலாம், அவற்றை மறுக்கவில்லை. வளரிளம் பருவத்தினருக்கு ஒன்றும் நடக்கவில்லை என்பதற்கு மட்டும் அந்த எண் சான்றாகாது.

பதிவேடு சொன்னதும் சொல்லாததும்

2023 மார்ச் 13 அன்று தமிழ்நாட்டில் பிளஸ் டூ பொதுத்தேர்வு தொடங்கியது. முதல் நாள் மொழிப்பாடம். எட்டரை லட்சம் பேர் பதிவு செய்திருந்தார்கள். 50,000க்கும் மேற்பட்டோர் தேர்வுக்கு வரவில்லை. சட்டமன்றத்தில் கேள்வி எழுந்தது, தொலைக்காட்சிகளில் விவாதம் நடந்தது, மறுதேர்வுக்கு அழைத்துவர வீடு வீடாக ஆள் போனது. எழுத வேண்டியவர்கள் யார்? நாம் கற்பனை செய்த பிள்ளையின் வகுப்பினர்தான், பத்தாம் வகுப்பில் தேர்வு எழுதாமலே தேர்ச்சி பெற்றவர்கள்.

விவாதம் தமிழ்ப்பாடம் கடினமா, பிள்ளைகளுக்குத் தேர்வுபயமா என்று திரும்பியது. எனக்கு அது வழிதவறிய விவாதமாகப் படுகிறது. வராதவர்களில் கணிசமானோர் அன்று காலை வராமல் போனவர்கள் அல்லர். பல மாதங்களுக்கு முன்பே, சிலர் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, படிப்பை விட்டவர்கள். அவர்கள் போனது அன்றுதான் தெரியவந்தது.

இதற்குப் பதிவேட்டின் நடைமுறையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். வழக்கமான ஆண்டில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ஒரு வடிகட்டி. தேர்வுக்கு வராதவர், தோற்றுத் திரும்ப எழுதாதவர் என இடைநின்றவர்கள் அங்கே கண்ணில் படுவார்கள். 2020இலும் 2021இலும் அந்த வடிகட்டி இல்லை. அனைவரும் தேர்ச்சி என்றபோது பனியன் கம்பெனியில் கைமடி வேலைக்குப் போயிருந்த பையனும் தேர்ச்சி, கழுத்தில் தாலி ஏறியிருந்த பெண்ணும் தேர்ச்சி. மாற்றுச் சான்றிதழ் வாங்க யாரும் வராதவரை அரசின் மாணவர் பதிவேடான எமிஸ் தளத்தில் பெயர் அந்தப் பள்ளியிலேயே இருக்கும். பிளஸ் ஒன் பொதுத்தேர்வில் தவறினாலும் பிளஸ் டூ செல்ல அப்போது தடையில்லை என்பதால் பெயர் அடுத்த வகுப்புக்கும் நகர்ந்துவிடும்.

பெயரை நீக்கப் பள்ளிக்கும் விருப்பம் இருக்காது. ஆகஸ்ட் 1 நிலவரப்படி மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிட நிர்ணயம். பத்துப் பெயர் போனால் ஒரு பணியிடம் உபரியாகலாம். அந்த ஆசிரியர் வேறு ஊருக்குப் பணிநிரவலில் போக வேண்டும். இதில் ஆசிரியரைக் குறைசொல்ல நான் தயாரில்லை. 'நீண்ட நாள் வராதோர்' பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மாலைகளில் காலனித் தெருக்களில் பிள்ளைகளைத் தேடி நடந்தவர்களும் ஆசிரியர்கள்தான். பெயர் இருந்தால்தான் என்றாவது திரும்பிவரும் பிள்ளைக்கு இடம் இருக்கும் என்று வாதிட்ட தலைமையாசிரியர்கள் இருக்கிறார்கள், அதிலும் நியாயம் உண்டு. ஆனால் விளைவு ஒன்றே: இடைநிற்றல் விகிதம் குறைவாகத் தெரிந்த ஆண்டுகளில் இடைநின்றவர்கள் பதிவேட்டுக்குள்ளேயே இருந்தார்கள். பெற்றோரை இழந்த குழந்தைகள் பதிவேட்டில் ஏறாததால் எண்ணப்படவில்லை. இவர்கள் பதிவேட்டில் இருந்ததால் எண்ணப்படவில்லை.

50,000 என்ற எண்ணை முழுவதும் பெருந்தொற்றின் கணக்கில் எழுதுவது தவறு. எந்த ஆண்டிலும் சில சதவீதத்தினர் தேர்வுக்கு வருவதில்லை; நோய், பயம், முன்பே விட்ட படிப்பு எல்லாம் அதில் உண்டு.

வேலையும் திருமணமும்: சான்றுகளின் தரம்

போனவர்கள் எங்கே போனார்கள்? இங்கே சான்றுகள் மெலிகின்றன, ஆனால் இல்லாமல் இல்லை.

குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பு இயக்கம் 2021இல் தமிழ்நாடு, புதுச்சேரியில் 24 மாவட்டங்களில் 818 பிள்ளைகளிடம் எடுத்த ஆய்வு, நலிந்த பிரிவினரிடையே வேலை செய்யும் பிள்ளைகளின் விகிதம் 28.2 சதவீதத்திலிருந்து 79.6ஆக உயர்ந்ததாகச் சொன்னது. இந்த எண் பல கட்டுரைகளில் மேற்கோளாகிறது. இதை மாநிலத்தின் நிலையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மாதிரி மிக நலிந்த குடும்பங்களிலிருந்து எடுக்கப்பட்டது. எடுத்த காலம் பள்ளிகள் மூடியிருந்த காலம். பள்ளி திறந்ததும் எத்தனை பேர் திரும்பினார்கள் என்று இதிலிருந்து அறிய முடியாது. எண்ணின் அளவைவிட அதன் திசையை மட்டும் ஏற்கலாம். ஏழ்மை மிகுந்த வீடுகளில் பிள்ளையின் உழைப்பு அந்த மாதங்களில் தேவைப்பட்டது. செங்கல் சூளையில் அட்வான்ஸ் வாங்கிய குடும்பம் சூளைக்குப் போகும்போது பூட்டிய பள்ளிக்காகப் பிள்ளையை ஊரில் விட்டுவைக்கக் காரணமில்லை. நூல் மில் ஆட்களுக்கு முன்பணத்தோடு வந்த தரகரை மறுக்கவும் காரணம் குறைவு.

திருமணத்தில் நமக்குக் கிடைக்கும் நம்பகமான எண் தேசியக் குடும்ப நல ஆய்வு-5 தருவது: தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் 18 வயதுக்கு முன் மணம் முடித்தவர்கள் 12.8 சதவீதம். முந்தைய சுற்றைவிடக் குறைவு. இதைக் காட்டி, பெருந்தொற்றுக் காலத்திலும் குழந்தைத் திருமணம் குறைந்தது என்று எழுதியவர்கள் உண்டு. ஆய்வு முடிந்தது 2021 தொடக்கத்தில். அப்போது 20 முதல் 24 வயதில் இருந்தவர்கள் 18ஐக் கடந்தது பெருந்தொற்றுக்கு முன்பே. ஊரடங்கில் நடந்த எந்தக் குழந்தைத் திருமணமும் அந்த 12.8க்குள் இருக்க வழியில்லை. வருவாய் முடங்கியிருந்த வீட்டில், ஐம்பது பேருக்கு மேல் கூடக்கூடாது என்ற விதியே ஒரு வாய்ப்பாயிற்று: மண்டபம் வேண்டாம், பந்தி வேண்டாம், வாசலில் பந்தல் போட்டால் போதும். பெண்ணைப் பெற்றவர்களின் கணக்கில் அது இலட்சங்களின் மிச்சம். மாவட்டச் சமூக நல அலுவலர்களும் 1098 உதவி எண்ணில் பணிபுரிந்தவர்களும் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். தடுத்து நிறுத்திய திருமணங்களின் எண்ணிக்கை புகார் வந்தவற்றின் எண்ணிக்கைதான். நடந்தவற்றைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

ஒரே வகுப்பினரைத் தொடர்ந்து பின்பற்றிய ஆய்வு இருந்தால் என்ன தெரியவரும் என்பதற்குக் கென்யா எடுத்துக்காட்டு. அங்கே 2020 கல்வியாண்டு கைவிடப்பட்டு, 2021 ஜனவரியில் பள்ளிகள் முழுமையாகத் திறந்தன. மேற்குக் கென்யாவில் மேல்நிலைப்பள்ளி முடிக்கும் தறுவாயில் இருந்த பெண்களை முந்தைய வகுப்பினரோடு ஒப்பிட்ட ஆய்வு 2022இல் 'பி.எம்.ஜே. குளோபல் ஹெல்த்' இதழில் வந்தது. ஊரடங்கைச் சந்தித்த வகுப்பினர் கருவுறும் வாய்ப்பு இரு மடங்கு. படிப்பை விடும் வாய்ப்பு மூன்று மடங்கு. முன்பே பெயர் பெயராகப் பின்தொடர்ந்த குழு ஒன்று கையில் இருந்ததால்தான் இது தெரிந்தது.

இதெல்லாம் எதிர்பாராதது என்று சொல்லவும் முடியாது. எபோலா காலத்தில் சியரா லியோனில் பள்ளிகள் 2014இன் நடுவில் மூடி 2015 ஏப்ரலில் திறந்தன. வளரிளம் பெண்களிடையே கருவுறுதல் கூடியது. பள்ளி திறக்கும் நேரத்தில் அந்நாட்டு அரசு, கர்ப்பமாகத் தெரியும் பெண்கள் வகுப்புக்கு வரக்கூடாது என்று தடை போட்டது. நோயால் மூடிய கதவு திறந்தபோது, அதனால் பாதிக்கப்பட்டவர்களுக்கே அது மறுபடி சாத்தப்பட்டது. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பு நீதிமன்றம் 2019 டிசம்பரில் அந்தத் தடையைப் பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. 2020 மார்ச் 30 அன்று தடை நீங்கியது. அடுத்த நாளே கொரோனாவுக்காகப் பள்ளிகள் மூடப்பட்டன.

அதே சியரா லியோனில் ஓரியானா பந்தியேரா உள்ளிட்டோர் நடத்திய ஆய்வு, பெண்களுக்கான சிறு மன்றங்கள் இயங்கிய ஊர்களில் இந்தப் பாதிப்பு பெருமளவு குறைந்ததைக் காட்டியது. மன்றம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை: பாதுகாப்பாகக் கூட ஓர் அறை, வழிநடத்த மூத்த பெண் ஒருத்தி, கொஞ்சம் பயிற்சி. இல்லம் தேடிக் கல்வியின் தெருவகுப்போடு இதன் ஒற்றுமை கவனிக்கத்தக்கது. அதே இரண்டு லட்சம் தன்னார்வலர் வலையை ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்புப் பெண்களுக்கும் நீட்டியிருக்க முடியுமா? பாடம் நடத்தத் தன்னார்வலரின் படிப்பு போதாமல் இருந்திருக்கலாம். வாரம் இருமுறை கூடுவதற்கும், யார் வரவில்லை என்று கவனிப்பதற்கும் அந்தப் படிப்பு தேவையில்லை.

மாற்றுச் சான்று

இந்த வாதத்துக்கு எதிராக நிற்கும் வலுவான சான்று அசர் 2023. அது 14 முதல் 18 வயதினரை மட்டும் எடுத்து, 28 மாவட்டங்களில் வீட்டிலேயே கேட்டது, தமிழ்நாட்டில் பெரம்பலூர். 86.8 சதவீதத்தினர் ஏதோ ஒரு கல்வி நிறுவனத்தில் சேர்ந்திருந்தார்கள். பெருந்தொற்றில் பெரிய பிள்ளைகள் கூட்டமாகப் படிப்பை விட்டுவிடுவார்கள் என்ற அச்சம் ஆதாரமற்றது என்றே அறிக்கை முடிவு செய்தது. பள்ளிப் பதிவேட்டை நம்பாமல் வீட்டில் கேட்டது என்பதால் நான் மேலே சொன்ன குறை இதற்குப் பொருந்தாது.

இதை ஏற்கத்தான் வேண்டும், ஏற்றபின் இரண்டு ஐயங்கள் எஞ்சுகின்றன. சேர்ந்திருப்பது வேறு, போய்க்கொண்டிருப்பது வேறு. பிள்ளை பள்ளியில் இருக்கிறதா என்று கேட்டால் பெயர் இருக்கும் வீட்டார் ஆமாம் என்பார்கள். தவிர, அந்த அறிக்கையிலேயே பதினான்கு வயதில் சேராதவர்கள் 3.9 சதவீதம், பதினெட்டு வயதில் 32.6 சதவீதம். இந்த ஏற்றத்தில் எவ்வளவு எப்போதும் உள்ளது, எவ்வளவு பெருந்தொற்று சேர்த்தது என்பதைப் பிரிக்க, 2019இலும் இதே கேள்வி இதே மாவட்டங்களில் கேட்கப்பட்டிருக்க வேண்டும்.

ஆகவே என் வாதத்தின் எல்லை இது: வளரிளம் பருவத்தினரில் பெரும்பாலோர் தப்பினார்கள். தப்பாதவர்கள் சிறுபான்மையினர், ஆனால் அவர்கள் இழந்தது ஆறு மாதத்தில் திரும்பும் வகையைச் சேர்ந்ததன்று. இரண்டாம் வகுப்பில் கழித்தல் மறந்த பிள்ளை மூன்றாம் வகுப்பில் அதைக் கற்கும். பதினைந்தில் மணமாகிப் பதினாறில் தாயான பெண்ணுக்கு 'எண்ணும் எழுத்தும்' போல ஒரு திட்டம் இல்லை. 2022 செப்டம்பரில் தொடங்கிய 'புதுமைப் பெண்' திட்டம் அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. நல்ல திட்டம். அதன் வாசலுக்கு வரவே உயர்கல்வியில் சேர்ந்திருக்க வேண்டும்.

எங்கே தேடலாம்

2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பெருந்தொற்றால் தள்ளிப்போனது. இப்போது 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடக்கவிருக்கிறது. 2006 ஜூனில் பிறந்த பிள்ளைக்கு அன்று வயது இருபது. 2011 கணக்கெடுப்பு, முடித்த உயர்ந்தபட்சக் கல்வி, செய்யும் வேலை, திருமணத்தின்போது இருந்த வயது ஆகியவற்றை ஒவ்வொருவரிடமும் கேட்டது. வயதை ஐந்தைந்தாகக் கட்டாமல் ஒவ்வோர் ஆண்டாகவும் அட்டவணையிட்டது. இதே கேள்விகள் இம்முறையும் இருந்தால், 20 முதல் 24 வரையிலான வயதினரை 25, 26 வயதினரோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பத்தாம் வகுப்போடு நின்றவர்கள், பதினெட்டுக்கு முன் மணமானவர்கள் என்ற இரண்டு வரிகளிலும் இந்த வயதுகளில் மட்டும் ஒரு மேடு தெரிந்தால், அந்த மேட்டின் அளவுதான் இதுவரை எண்ணப்படாதவர்களின் எண்ணிக்கைக்கு மிக அருகில் வரும் மதிப்பீடு. மேடு தெரியாவிட்டால் இக்கட்டுரையின் வாதம் தவறு.

மாவட்டம், சாதிப்பிரிவு, பாலினம் வாரியாக ஒற்றை வயது அட்டவணைகளைக் கணக்கெடுப்பு ஆணையரகம் வெளியிட வேண்டும் என்று தமிழ்நாடு அரசு இப்போதே எழுதிக் கேட்கலாம். கடந்த முறை பல அட்டவணைகள் வெளிவர ஐந்தாறு ஆண்டுகள் ஆயின. அப்படியானால் 2006இல் பிறந்த அந்தப் பிள்ளைக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயதாகும்போதுதான் விடை கிடைக்கும்.